நாலு மணி வயலின்

ஏழாம் அத்தியாயம்

அந்த வணிக வளாகத்துக்குள் போக ஒன்பது வாசல் உண்டு. வெளியே வரத்தான் ஒன்றும் கண்ணில் படாது. கைக்குட்டை வாங்க உள்ளே போன ஒருவர் மூன்று நாள் கழித்து சோபா செட்டோடு வெளியே வந்தார் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதவர்களைக் கூட்டிப்போய் அந்த சோபாவில் உட்காரவைத்துக் காட்டவும் ஆள் இருக்கிறது. ஊரின் நட்டநடுவில் ஆறு மாடிக்கு எழும்பி நின்ற அந்தக் கட்டடத்தில்தான் காதலர்கள் சந்தித்தார்கள், காதல் முறிந்தவர்கள் அழுதார்கள், செல்போனுக்கு உயிர் போனவர்கள் சார்ஜ் ஏற்றினார்கள். வேலை பறிபோனதை வீட்டில் சொல்லாதவர்கள் டையைக் கட்டிக்கொண்டு காலையில் வந்து, மாலைவரை மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட கட்டடத்தில் போன செவ்வாய்க்கிழமை ஒரு கொலை விழுந்தது. அதற்காக ஒரு கடையும் மூடவில்லை.

செத்துப்போனது அறிவிப்பு மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்மணி. 'குரலம்மா' என்றால் ஊருக்கே தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. பதினாறு வருஷமாகக் காணாமல் போன குழந்தைகளை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாக்களிடம் ஒப்படைத்த குரல், பின்பக்கப் படிக்கட்டின் அடியில் கழுத்து ஒடிந்து கிடந்தது.

"அம்மாவைப் புதைச்சுட்டு வந்த கையோட மாமாவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க," என்றாள் குரலம்மாவின் மகள். இருபது வயது. அழுது முடித்த கண். "அம்மாவோட கூடப் பிறந்த தம்பி. இங்கேயே எஸ்கலேட்டர் மெக்கானிக். நான் பிறந்ததுலேர்ந்து எங்களோடதான் இருக்கார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு நீதிபதி முன்னாடி நிறுத்தறாங்களாம். ஒத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

"செஞ்சாரா?" என்றாள் டிக்கெட் அக்கா.

"செய்யல. அடி தாங்கல. ரெண்டு பல்லு இல்ல."

டிக்கெட் அக்கா முப்பத்தோரு வருஷம் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு துப்பறிய வந்தாள். அவளுடைய மொத்த சாஸ்திரமும் ஒரே வரி: சீட்டு எடுத்தவன் பையைத் தேடுவான், எடுக்காதவன் கதவைத் தேடுவான்.

அவளுடைய உதவியாள் சுருட்டைக்கு வயது ஐம்பத்திரண்டு, தலையில் ஒரு முடி கிடையாது. பெயர் வைத்த காலத்தில் சீப்பை உடைக்கும் முடி இருந்ததாம். முடி போய்விட்டது, பெயர் போக மறுத்துவிட்டது. முன்பு இருபது வருஷம் பிணவண்டி ஓட்டினான். சவாரி வந்தவர்களில் ஒருவர்கூட அவன் ஓட்டுவதைக் குறை சொன்னதில்லை என்பதில் அவனுக்குப் பெருமை.

மணி இரண்டு. மூன்று பேரும் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே எங்கிருந்தோ புல்லாங்குழல் ஒழுகிக்கொண்டிருந்தது.

டிக்கெட் அக்கா விரல் விட்டு எண்ணினாள். "மூணு அம்பதுக்கு உங்கம்மா நோட்டுல கடைசியா ஒரு வரி எழுதியிருக்காங்க. நாலு இருபதுக்குத் துப்புரவம்மா உடம்பைப் பாத்து, காவலாளி ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருக்கார். நடுவுல அரை மணி. அதுல சரியா நாலு மணிக்கு உங்க மாமா படிக்கட்டுக் கதவுக்குள்ள போனதை மூணாவது மாடி அழகுசாதனக் கடைல அஞ்சு பொண்ணுங்க பாத்திருக்காங்க. அப்ப அவங்க முன்னாடி நின்ன மேனேஜரும் நாலு மணின்னே போலீஸ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். சரியா?"

"மாமா நாலு நாப்பதுக்குத்தான் போனேங்கறார். எப்பவும் போற வழிதான். ஏறும்போது படியெல்லாம் ஈரமா இருந்துச்சாம். அதைச் சொன்னதுக்குத்தான் ரெண்டாவது பல்லு போச்சு."

"அக்கா," என்றான் சுருட்டை, "ஒருத்தர் சொன்னா சாட்சி. அஞ்சு பேரு ஒரே மாதிரி சொன்னா அது கோரஸ். வாத்தியார் யாருன்னு பாக்கணும்."

"பாக்கலாம் வா," என்று அக்கா எழுந்தாள்.

அழகுசாதனக் கடையில் ஐந்து பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். காலை பத்திலிருந்து இரவு ஒன்பதுவரை நிற்கவேண்டும். நாற்காலி வைத்தால் கடைக்கு அழகு கெட்டுவிடுமாம். அவர்களில் மூத்தவளை மற்றவர்கள் பெரியக்கா என்றார்கள். அவள் பாதம் வீங்கிச் செருப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

டிக்கெட் அக்கா ஒரு உதட்டுச்சாயத்தை எடுத்து, அதையே கேள்வி கேட்பதுபோல் கேட்டாள். "நாலு மணின்னு எப்படிச் சொன்னீங்க?"

ஐந்து பேரும் கைப்பையைத் தேடுகிற மாதிரி யோசித்தார்கள். ஒருத்தியும் கதவைப் பார்க்கவில்லை. சுருட்டை வழுக்கையைச் சொறிந்தான். உண்மை பேசுகிறவர்கள். பொய்யை உடைத்துவிடலாம், உண்மையை என்ன செய்வது?

"அழுமூஞ்சி வந்துச்சே," என்றாள் பெரியக்கா.

"யாரு, மேனேஜரா?" என்றான் சுருட்டை.

ஐந்து பேரும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் கடையில் சிரிப்பதற்கு அனுமதி உண்டு, பல் தெரியாமல்.

"அது பாட்டுங்க. வயலின். எவளோ தாலாட்டுப் பாடி அழற மாதிரி இருக்கும். தினம் சரியா நாலு மணிக்கு வரும். எங்ககிட்ட கடிகாரம் ஏது? வரும்போதே போனையும் வாட்ச்சையும் பெட்டில போட்டுப் பூட்டிருவாங்க. விக்கிறவ மணி பாத்தா வாங்க வந்தவங்களுக்கு அவசரம் வந்துருமாம். இந்தக் கட்டடத்துல ஜன்னலும் இல்ல, சுவர்க் கடிகாரமும் இல்ல. காலைல கதவு திறக்கும்போது பாட்டு ஆரம்பிக்கும், ராத்திரி சாத்தும்போது முடியும். வருஷம் பூரா அதே வரிசை. புல்லாங்குழல்னா சாப்பாடு. அழுமூஞ்சின்னா நாலு, மேனேஜர் வந்து நகம், முடி எல்லாம் பாப்பார், வரிசையா நிக்கணும். கடைசியா மேளச்சத்தம் வரும், அதுக்குப் பேரு 'கடைசி பஸ்'. அது முடியறப்போ விளக்கு அணையும்."

"பொழுது விடிஞ்சுதா சாஞ்சுதான்னு வயலின்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறீங்க," என்றான் சுருட்டை. "என் பழைய சவாரிகளுக்குக்கூட இவ்வளவு கஷ்டம் இல்ல."

"செவ்வாய்க்கிழமையும் எல்லாப் பாட்டும் வந்துச்சா?" என்றாள் டிக்கெட் அக்கா.

பெரியக்கா கண்ணைத் தாழ்த்தினாள். "கடைசி பஸ் மட்டும் வரல. அதுக்கு முந்தின பாட்டு பாதில இருக்கும்போதே ஒன்பது மணி ஆயி விளக்கு அணைஞ்சிருச்சு. அப்புறம்தான் குரலம்மா செத்த சேதியே எங்களுக்குச் சொன்னாங்க. ஓ, அதுக்குத்தான் பாட்டை நிறுத்தி மரியாதை பண்ணியிருக்காங்கன்னு நெனச்சு அழுதோம்."

டிக்கெட் அக்கா உதட்டுச்சாயத்தைத் திரும்ப வைத்தாள். வெளியே வந்ததும் சொன்னாள், "பொணத்தைப் பின்வாசல்ல அனுப்பிட்டு முன்வாசல்ல தள்ளுபடி வித்தவங்க, பாட்டை நிறுத்தியா மரியாதை பண்ணுவாங்க? சுருட்டை, அன்னிக்குப் பாட்டு பின்தங்கி ஓடியிருக்கு. இங்க பாட்டு எதுக்கு நிக்கும்?"

பதில் மகளிடமிருந்து வந்தது. "குழந்தை காணாமப் போனா. அம்மா வெச்ச சட்டம். குழந்தை கிடைக்கிற வரைக்கும் பாட்டு இல்ல. அப்பதான் அது அழறது நமக்குக் கேக்கும், நாம கூப்பிடறது அதுக்குக் கேக்கும். கிடைச்சதும், விட்ட இடத்துலேர்ந்து பாட்டு போடுவாங்க. எப்பவும் ரெண்டு மூணு நிமிஷம்தான்." தன் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள், போலீசார் எடுத்துப்போன அம்மாவின் நோட்டு. "ஆனா செவ்வாய்க்கிழமைப் பக்கத்துல குழந்தை காணாமப் போனதாவே இல்ல."

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப ஒரு தாள் குறைஞ்சாலும் நோட்டு வாய் திறக்காது," என்றாள் அக்கா.

நோட்டு வாய் திறக்காவிட்டால் என்ன, ஏசித் தாத்தா இருந்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரு பைசாவுக்குப் பொருள் வாங்காமல், தினம் பத்து மணிக்கு வந்து, மூன்றாவது மாடி பெஞ்சில் குளிர்காற்று வாங்குகிறவர். புதிதாக வருகிற காவலாளிகள் அவரை முதலாளி என்று நினைத்து சல்யூட் வைப்பார்கள். அவரும் ஏற்றுக்கொள்வார்.

"செவ்வாய்க்கிழமையா?" என்று சட்டைப்பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை உருவினார். "மறப்பேனா! பதினொண்ணு பத்துக்கு நான் தூங்கணும். பாட்டு நின்னுபோச்சு. பாட்டு இல்லாம எனக்குக் கண் அடையாது. ஆறு வயசுப் பொண்ணு, மஞ்சள் கவுன்னு அந்தம்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. பதினொண்ணு அம்பதுக்குத்தான் மறுபடி பாட்டு வந்துச்சு. நாப்பது நிமிஷம். என் உடம்புக்கு அந்த நாப்பது நிமிஷம் இன்னும் பாக்கி."

சுருட்டை வாயைப் பிளந்தான். "அப்படின்னா அன்னிக்கு அழுமூஞ்சி அழுதது..."

"நாலு நாப்பதுக்கு," என்றாள் டிக்கெட் அக்கா. "அந்தப் பொண்ணுங்க நாலு மணின்னு சொன்னது நாலு நாப்பது. மெக்கானிக் படில ஏறினப்போ அவர் அக்கா அங்க இல்ல. ஆம்புலன்ஸ்ல ஏத்தி, படியைக் கழுவியே விட்டாச்சு. ஈரம்னு அவர் சொன்னது நிஜம்."

மகள் அப்போதே போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள்.

"சந்தோஷப்படறதுக்கு இன்னும் நேரம் வரல. ஒரு கிழவரோட தூக்கத்தை வெச்சு போலீஸ் ஆளை விடாது. இன்ஸ்பெக்டர் கண்ணால பாக்கணும். நாலு மணிக்கு வரச் சொல்றேன். கல்லூரிக் காலத்துல சீட்டு இல்லாம வந்தவனை நான் கழிவறைலேர்ந்து வெளிய இழுத்திருக்கேன், வருவான். சுருட்டை, நீ தொலைஞ்சு போ."

"அக்கா, கோவிச்சுக்காதீங்க, நான் என்ன தப்பா..."

"நிஜமாவே தொலைஞ்சு போ. பாட்டு நிக்கணும்."

மூன்றேகால் மணிக்கு அந்த ஆறு மாடியிலும் பாட்டு நின்றது. அறிவிப்பு மேஜையில் புதிதாக உட்காரவைத்திருந்த பெண் சொன்னாள்: "ஐம்பத்திரண்டு வயது, வழுக்கைத் தலை, பெயர் சுருட்டை. காணவில்லை. அக்கா அறிவிப்பு மேஜையில் காத்திருக்கிறார்." அவளுக்கு முன்னால் ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. குரலம்மாவின் கையெழுத்து: ஆள் கிடைக்கும்வரை பாட்டு இல்லை.

ஆள், மூன்றாவது மாடிப் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். இருபது நிமிஷம் ஒளிந்துவிட்டு வெளியே வருவதாக ஏற்பாடு. நேரமானதும் கதவைத் தள்ளினான். அசையவில்லை. இழுத்தான். கைப்பிடியே இல்லை. உள்ளே வரும்போது விரலால் தொட்டாலே திறந்த கதவு, வெளியே போகச் சாவி கேட்டது. கீழே தெருவாசல்வரை இறங்கினான். அங்கே சங்கிலி போட்டுப் பூட்டு. அவசர வழி என்று மேலே பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

மறுபடி மேலே ஏறிக் கதவை உதைத்தான். உதைத்த இடத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் செருப்புத் தடத்துக்கு வெகு கீழே, முழங்கால் உயரத்தில், சின்னச் சின்னதாக வேறு தடங்கள். இருபது முப்பது இருக்கும். சின்னக் கால், பெரிய பயம். அவனுடைய சவாரிகளில் சில பெட்டிகள் அந்த அளவில் வந்ததுண்டு. அன்றெல்லாம் அவன் ஜோக் அடித்ததில்லை.

வெளியே சாவி திரும்பியது. துப்புரவம்மா வாளியோடு நின்றாள்.

"நீங்கதானா அந்தக் காணாமப் போன குழந்தை?"

"வளர்ந்துட்டேன்மா. கதவை ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க? நெருப்புப் பிடிச்சா என்ன ஆகறது?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "திருட்டுப் போகுதுன்னு மேனேஜர் ஐயா பூட்டச் சொன்னார். சாவி மூணு பேருகிட்டதான். அவருக்கு, எனக்கு, மெக்கானிக் தம்பிக்கு. உள்ள யாரு வேணா போலாம், வரத்தான் சாவி வேணும். அதான் தம்பி மேல சந்தேகம். அன்னிக்கு அந்த மஞ்சள் கவுன் இங்கதான் மாட்டிக்கிச்சு. நான்தான் திறந்தேன். மூச்சு முட்டி, பேச்சே வரல அதுக்கு. குரலம்மா நோட்டுல எழுதிட்டாங்க. தீயணைப்பு ஆபீசுக்குக் கொண்டுபோய்க் குடுப்பேன், கட்டடத்தையே மூடுவாங்கன்னு மேனேஜர்கிட்ட முகத்துக்கு நேரா சொன்னாங்க." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "சாயங்காலம் அந்தப் படியை நான்தான் கழுவினேன். ஐயாதான் சொன்னார். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் எதுவும் சொல்லல."

சுருட்டை திரும்பி வந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூன்று முப்பத்தைந்து. விஷயத்தைச் சொன்னான். டிக்கெட் அக்கா மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு அழகுசாதனக் கடைக்கு எதிரே இன்ஸ்பெக்டர் சாதாரணச் சட்டையில் வந்து நின்று, மனைவிக்கு வாசனைத் தைலம் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். "பத்து நிமிஷம்தான் அக்கா. அஞ்சு மணிக்குக் கோர்ட்."

"போதும். நீ எந்த வாசனையும் வாங்காதே, வேடிக்கை பாரு."

எஸ்கலேட்டரில் மேனேஜர் இறங்கி வந்தார். இஸ்திரி கலையாத ஆள். இடது மணிக்கட்டில் தங்க நிறக் கடிகாரம். டிக்கெட் அக்கா எதிரே போய்க் கும்பிட்டாள்.

"எங்க ஆள் அந்தப் படிக்கட்டுல செருப்பை விட்டுட்டு வந்துட்டான். சாவி குடுத்தா எடுத்துக்குவான்."

தொல்லை விட்டால் போதும் என்று மேனேஜர் சாவிக்கொத்தைச் சுருட்டையிடம் வீசினார். பிறகு கடையைப் பார்த்தார். ஐந்து பெண்களும் ஆளுக்கொரு மூலையில் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சிவந்தது.

"என்ன இது? வரிசை எங்கே? நாலு மணிக்கு நிக்கணும்னு தெரியாது?"

பெரியக்கா பதறிப்போனாள். "சார், இன்னும் நாலு ஆகலையே... அழுமூஞ்சி... அந்த வயலின் வரலையே சார்."

"வயலினாவது மண்ணாவது! கடிகாரத்தைப் பாரு! நாலு மணி ரெண்டு நிமிஷம்! என்னிக்காவது நான் ஒரு நிமிஷம் லேட்டா வந்திருக்கேனா?"

"ஒரே ஒரு நாள்," என்றாள் டிக்கெட் அக்கா.

மேனேஜர் திரும்பினார்.

"இன்னிக்குப் பாட்டு இருபது நிமிஷம் பின்தங்கி ஓடுது. நீங்க நாலு மணிக்கு வந்தீங்க, வரிசை இல்ல, திட்டினீங்க. போன செவ்வாய்க்கிழமை நாப்பது நிமிஷம் பின்தங்கி ஓடிச்சு. அன்னிக்கும் நீங்க நாலு மணிக்கு வந்திருந்தா வரிசை இருந்திருக்காது. அன்னிக்கு ஏன் திட்டல?" பெண்கள் பக்கம் திரும்பினாள். "திட்டினாரா?"

பெரியக்கா மெதுவாகச் சொன்னாள். "இல்லைங்க. அன்னிக்கு அவர் வரும்போதே வயலின் பாடிக்கிட்டிருந்துச்சு. நாங்க வரிசையா நின்னோம். கொஞ்ச நேரத்துலதான் மெக்கானிக் அந்தப் பக்கம் போனாரு."

"அப்ப நீங்க வந்தது நாலு நாப்பது," என்றாள் டிக்கெட் அக்கா. "இந்தப் பொண்ணுங்க நாலுன்னு சொன்னதுல குத்தம் இல்ல. இவங்க கைல நீங்க கடிகாரம் விட்டு வைக்கல. உங்க கைல இருந்துச்சே? கடிகாரம் கட்டின ஆள், போலீஸ்ல கையெழுத்துப் போடும்போது மட்டும் ஏன் வயலினைக் கேட்டு மணி சொன்னீங்க?"

இன்ஸ்பெக்டர் தைலப் புட்டியைக் கீழே வைத்தார்.

"கிழிச்ச தாளை என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தையோட அம்மாவைக் கண்டுபிடிக்க ஒரு அறிவிப்பு போதும்," என்றாள் டிக்கெட் அக்கா.

மேனேஜர் கைப்பையைத் தேடவில்லை. எஸ்கலேட்டரைப் பார்த்தார். அங்கே இன்ஸ்பெக்டர். லிஃப்டைப் பார்த்தார். அங்கே சுருட்டை. மூன்றாவதாக ஒரு கதவு இருந்தது. விரலால் தொட்டாலே திறக்கிற கதவு. பாய்ந்தார். கதவு அவருக்குப் பின்னால் பூப்போல மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் ஓடப் பார்த்தார். "மெதுவா போங்க சார்," என்று சுருட்டை சாவிக்கொத்தை ஆட்டினான். "அந்த வண்டி உள்ள மட்டும்தான் போகும்."

கீழ்ப் பூட்டுவரை இறங்குகிற காலடி கேட்டது. பிறகு ஏறிவருகிற காலடி. பிறகு கதவில் ஓர் உதை. இன்னொரு உதை. ஐந்து பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வாளியோடு வந்த துப்புரவம்மாவும் நின்றாள். அவள் இடுப்பிலும் ஒரு சாவி இருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் காவலர்களை வரவழைத்துவிட்டு நிலையத்துக்குப் பேசினார். "அந்த மெக்கானிக்கைக் கோர்ட்டுக்கு ஏத்தாதே. கைவிலங்கைக் கழட்டு. நாற்காலில உக்காரவை. தண்ணி குடு." பிறகு யாரையும் பார்க்காமல், "வாய்க்கு மருந்து போடு," என்றார்.

அப்போது மேலேயிருந்து வயலின் அழ ஆரம்பித்தது. பழக்கதோஷம், ஐந்து பெண்களும் கைகளை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். நகம் பார்க்க ஆள் இல்லை.

மகளைக் காணவில்லை என்று சுருட்டைதான் முதலில் கவனித்தான். அவன் தேடக் கிளம்புவதற்குள் வயலின் பாதியில் அறுந்தது. ஒலிபெருக்கி ஒரு தரம் மூச்சு விட்டது. பிறகு ஆறு மாடிக்கும் ஒரு குரல் வந்தது. ஊருக்கே தெரிந்த அதே குரல், முப்பது வயது இளையதாக.

"ஐம்பது வயது. நீலச் சீருடை. இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர். செவ்வாய்க்கிழமை மூன்று ஐம்பதிலிருந்து காணவில்லை."

எஸ்கலேட்டரில் போய்க்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். மீன்தொட்டிக்கு எதிரே டை கட்டியவர் எழுந்து நின்றார். கதவுக்குப் பின்னால் உதைக்கிற சத்தம் இப்போது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

பெஞ்சில் ஏசித் தாத்தா விழித்துக்கொண்டு கடிகாரத்தை உருவினார். "நாலு இருபத்தொண்ணு. எப்பப்பா மறுபடி பாட்டு வரும்?"

சுருட்டை எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன்.

"இன்னிக்கு வராது தாத்தா," என்றான்.